வத்சலாவின் வலது கை

ஜனவரி 9, 2023

வக்கீல் நாகூர்கனி சொல்லித்தான் இதை ஆரம்பிக்கிறேன். "இன்னையிலருந்து நடக்குறதத் தேதி போட்டு எழுதி வைம்மா. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா நீயே மறந்துருவ" என்றார். மறப்பேனாம். அவருக்கு என்னைத் தெரியாது.

அவர் கேட்டது நடந்ததை மட்டும். நான் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்தே எழுதப் போகிறேன். வேண்டுமானால் அவருக்குத் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுக்கலாம்.

நடந்தது இதுதான். என் மகள் பிறந்து ஒன்றரை வருடம் ஆகப் போகிறது. வலது கை தோளிலிருந்து தொங்குகிறது. பிரசவத்தில் தலை வெளியே வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. டாக்டரம்மா தலையைப் பிடித்து இழுத்தார். ஒரு நர்ஸ் ஸ்டூலில் ஏறி என் வயிற்றை அழுத்தினாள். பிறகு டாக்டரம்மா வெளியே போய், "நான் மட்டும் இல்லேன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும்" என்றிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவர் காலில் விழுந்தார்.

போன செப்டம்பரில் மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். இழுத்த இழுப்பில் கழுத்துப் பக்கத்து நரம்பு கிழிந்திருக்கிறது என்றார். ஆறேழு மாதத்துக்குள் வந்திருந்தால் ஆபரேஷன் செய்து ஓரளவு மீட்டிருக்கலாம், இப்போது காலம் கடந்துவிட்டது என்றார். "உங்களை யாருமே அனுப்பலையா?" என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த டாக்டரம்மா பெயர் வத்சலா. என் மகள் பெயரும் வத்சலா. நன்றிக்காக என் வீட்டுக்காரர் வைத்த பெயர்.

ஜனவரி 12

வக்கீல் நாலு வழி சொன்னார். போலீசுக்குப் போகலாம், ஆனால் அரசாங்க டாக்டர் யாராவது தப்புதான் என்று எழுதிக் கொடுத்தால்தான் அவர்கள் அசைவார்கள். மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் டாக்டர்கள்தான். ரொம்பப் போனால் கொஞ்ச காலம் வைத்தியம் பார்க்காதே என்பார்கள், பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் இவளுக்குக் கல்யாண வயது வந்துவிடும். மிச்சம் நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பிரசவம் பார்த்ததால் அங்கே போகலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

"ஓட்ட மிக்சிக்கெல்லாம் கேஸ் போடுற எடமாச்சே சார் அது?"

"ஆமாம்மா. மிக்சிக்கும் அங்கதான், புள்ளைக்கும் அங்கதான்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நல்ல மனிதர் போலிருக்கிறது.

பிப்ரவரி 3

இன்று கொல்லையில் குளிக்கிற இடத்துக்குக் கூரை போட்டேன். மூன்று பக்கம் சுவர், மேலே ஆகாயம் என்று கிடந்தது. பரணில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸை இறக்கி நாலு மூலையிலும் கயிறு கட்டி விரித்தேன். தைத்தது போலப் பொருந்திவிட்டது.

என் வீட்டுக்காரர் தெய்வேந்திரன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். மாப்பிள்ளைக்கு முடி முளைக்க வைப்பார். செத்துப்போனவர் கண்ணைத் திறந்து வைப்பார். ஊரில் யாரும் அவர் கையால் அசிங்கமாகப் போனதில்லை.

மகளுக்குப் பெயர் வைத்த விழாவுக்கு டாக்டரம்மாவையே அழைத்தார். வந்தார். மூன்று மாதப் பிள்ளையை மடியில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். தொங்கிய கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, எண்ணெய் போட்டு நீவுங்க, தானா வந்துரும்" என்றார். அந்த போட்டோவை வைத்து இவர் ஃப்ளெக்ஸ் அடித்து ஆஸ்பத்திரி வாசலில் கட்டினார். 'எங்கள் குலவிளக்கைக் காத்த தெய்வமே, உங்கள் பெயரையே சூட்டி மகிழ்கிறோம்.' படத்தில் டாக்டரம்மா சிரிக்கிறார். பிள்ளை இரண்டு கையையும் மேலே தூக்கியிருக்கிறது.

தொங்குகிற கையோடு ஊர் பார்க்கக் கூடாது என்று, தூக்கியிருந்த இடது கையை எடுத்துத் திருப்பி வலது பக்கத்தில் ஒட்டிவிட்டார். அவர் தொழில் அது. அப்போது நான் பக்கத்தில் இல்லை.

பிறகு அவிழ்த்து வந்து பரணில் போட்ட அதைத்தான், டாக்டரம்மா முகம் வானத்தைப் பார்க்கும்படி இன்று விரித்திருக்கிறேன். வெயில் படட்டும். காக்காய் எச்சம் போடட்டும்.

மார்ச் 17

மதுரை டாக்டரிடம் எழுத்து வாங்கப் போனோம். செப்டம்பரில் அத்தனை விளக்கிச் சொன்னவர், இன்று பேனாவை மூடி பையில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னது உங்க தகவலுக்கும்மா. கோர்ட்டு விஷயத்துல என்னை இழுக்காதீங்க" என்றார்.

பிள்ளையை இழுத்தது பரவாயில்லை, இவரைத்தான் இழுக்கக் கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி, "பாப்பாவுக்குக் கை என்னாச்சு?" என்றாள். கீழே விழுந்துவிட்டாள் என்றேன். இதைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும்.

ஏப்ரல் 20

மனு தாக்கல் ஆனது. அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இவர் கடைக்கு வந்துகொண்டிருந்த ஆர்டரெல்லாம் நின்றுபோனது. மளிகைக் கடைக்காரம்மா, "உசுரக் காப்பாத்துனவங்க மேலயே கேஸாத்தா?" என்று கேட்டபடியே பருப்பை நிறுத்தார். எடை குறைவாக இருந்தது. அதையும் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

மே 8

வத்சலாவுக்கு மொட்டை. காது குத்தவில்லை, இவருக்கு மனசு வரவில்லையாம், பிள்ளைக்கு வலிக்குமாம்.

ஜூலை 21

எதிர்த்தரப்பின் பதில்மனு வந்தது. வக்கீல் ஆபீசில் இவரும் நானும் மதினியும் உட்கார்ந்திருந்தோம். மதினி இவருடைய அக்கா, பெயர் முத்துப்பேச்சி. பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, எங்களோடுதான் இருக்கிறார். வத்சலா பிறந்த பதினாறாம் நாளிலிருந்து குளிப்பாட்டியது அவர்தான். காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்கவைக்கிற வரைக்கும் யாரையும் கிட்டே விடமாட்டார்.

வக்கீல் படித்தார். 'பெயர்சூட்டு விழாவின்போது குழந்தையின் இரு கைகளும் இயல்பாக இயங்கின. மனுதாரர் தரப்பினரே அச்சிட்டு எமது மருத்துவமனை வாயிலில் கட்டிய பதாகையே இதற்குச் சாட்சி. அதன்பின் பயிற்சியற்ற உறவுக்காரப் பெண் குழந்தையை முரட்டுத்தனமாக நீவிக் குளிப்பாட்டியதால் கை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும்.'

பதாகையின் படத்தையும் இணைத்திருந்தார்கள். எதிர்த்தரப்புச் சான்றாவணம் எண் நாலு.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தப் படத்த எடுத்தது யாரு?"

நான்தான் சொன்னேன். கையை ஒட்டிய கதையையும் சொன்னேன். கேட்டு முடித்த வக்கீல் மேசையில் கிடந்த பேப்பர் வெயிட்டை ரொம்ப நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

மதினிக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். "உறவுக்காரப் பொம்பளன்னா யாரு? நானா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீவச் சொன்னதே அந்தம்மாதான மீனா? எங்கையப் பிடிச்சு இப்பிடி இப்பிடின்னு காட்டிக் குடுத்துச்சே" என்றார்.

எல்லாரும் ஆமாம் என்றோம். எழுத்தில் எங்கே இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். எங்கேயும் இல்லை.

ஜூலை 22

காலையில் வத்சலா துண்டைத் தூக்கிக்கொண்டு மதினியிடம் போனாள். மதினி கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். "அம்மாட்டப் போ தங்கம்."

நான் குளிப்பாட்டினேன். எனக்கு அந்த வேலை பழக்கமில்லை. கண்ணில் சோப்பு போய் ஊரைக் கூட்டினாள்.

ஜூலை 25

மதினி இன்றும் பிள்ளையைத் தொடவில்லை.

ஜூலை 30

இவரிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை. கோபம் என்று எதுவும் கிடையாது. சோற்றைப் போட்டு மூடி வைக்கிறேன், வந்து சாப்பிட்டுக்கொள்கிறார்.

ஆகஸ்ட் 11

மதினி ராத்திரியெல்லாம் தூங்காமல் பகலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இன்று கீரை ஆய்ந்துகொண்டே, "எதுக்கும் ஒருவேள, நாந்தான் நீவி நீவி கெடுத்துட்டனோ மீனா?" என்றார். அந்தப் பொம்பளை டாக்டர் எழுதியதிலேயே மகா பாவம் இதுதான். கையைப் பறித்தது போதாது என்று, பிள்ளையை வளர்த்தவளிடமிருந்து பிள்ளையையும் பறித்துவிட்டாள்.

"ஒங்க தம்பி பண்ணுன கோமாளித்தனம் மதினி இம்புட்டும்" என்றேன்.

மதினி கீரையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அவன் மட்டுமா? நீயுந்தான கடையில பக்கத்துல ஒக்காந்து, ரெண்டு கையும் சமமா இருக்கான்னு பாத்துப் பாத்துச் சொன்ன? சேலைக் கலரு கூட நீ சொல்லித்தான மாத்துனான்?"

மதினிக்கு மன உளைச்சல். என்னென்னவோ பேசுகிறார்.

நவம்பர் 6

அரசு மருத்துவக் கல்லூரிக் குழு பிள்ளையைப் பரிசோதித்துக் கருத்து அனுப்பியிருக்கிறது. 'பிறப்பின்போது ஏற்பட்டிருக்கலாம். பிற்பாடும் ஏற்பட்டிருக்கலாம். உரிய கவனத்துடன் செயல்பட்டாலும் இவ்வாறு நேரக்கூடும்.' மூன்று பெரிய டாக்டர்கள் கூடி உட்கார்ந்து எழுதியது. இதை எழுத என் மதினியே போதும்.

"அப்ப எல்லாமே அந்த ஃப்ளெக்சுலதாம்மா நிக்குது" என்றார் வக்கீல். "மூணு மாசத்துல கை தொங்குச்சுன்னு ஆயிருச்சுன்னா, கையில வச்சுப் பாத்தும் அவங்க மதுரைக்கு அனுப்பலைன்னு ஆயிரும். தொங்கலைன்னு ஆச்சுன்னா, ஒங்க வீட்டுலதான் கெட்டுச்சுன்னு ஆயிரும்."

டிசம்பர் 14

வாய்தா.

பிப்ரவரி 22, 2024

இன்று இவரை விசாரித்தார்கள். திருத்தாத அசல் போட்டோவை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து முன்னமே தாக்கல் செய்திருந்தோம். அதில் வலது கை தொங்குவது நன்றாகத் தெரிகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தொடவே இல்லை. இவரிடம்தான் வந்தார்.

"செத்தவங்க கண்ணைத் தொறந்து வைப்பீங்களாமே?"

"ஆமாங்கய்யா."

"வழுக்கையில முடி வப்பீங்க?"

"கேட்டா செஞ்சு குடுப்பேங்கய்யா."

"ஒட்டுன படம் எது, ஒட்டாத படம் எதுன்னு மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம செய்யுறதுதாங்கய்யா வேலை."

பெருமையாக வேறு சொல்லித் தொலைத்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்ப கை நல்லாருந்த படம்தான் அசல். கேஸுக்காக, கை தொங்குற மாதிரி நீங்க இப்ப ஒட்டிக் கொண்டுவந்திருக்கீங்க. சரிதான?"

இவர் இல்லை இல்லை என்றார். வியர்த்துக் கொட்டியது. இருபது வருடம் எல்லாரையும் அழகாகக் காட்டிய மனிதர், அங்கே நின்றபோது பார்க்கச் சகிக்கவில்லை.

எதிர்த்தரப்பு வக்கீல் விடவில்லை. "நீங்க அந்தக் கையை ஒட்டும்போது பாத்தவங்க யாராவது உண்டா? கூட யாராவது இருந்தாங்களா?"

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லைங்கய்யா. நான் மட்டுந்தான் இருந்தேன். கடை சாத்துனதுக்கப்புறம் தனியா செஞ்சது" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே போட்டிருப்பது பழைய மொசைக் தரை, சரியாகக் கூட்டுவதில்லை.

பிப்ரவரி 23

காலையில் இவருக்குக் காபி கலந்து கையில் கொடுத்தேன். கொஞ்சம் பேசினேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

ஏப்ரல் 4

வாய்தா. ஆணையத் தலைவரம்மா விடுமுறையாம். அடுத்த விசாரணையில் பிள்ளையை நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 18

நேற்றுக் காற்றில் குளிக்கிற இடத்து ஃப்ளெக்ஸில் ஒரு கயிறு அறுந்து, நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது. இறக்கி உதறி, படம் கீழே தெரியும்படி திருப்பிக் கட்டினேன். பின்பக்கத்து வெள்ளை மேலே இருந்தால் வெயில் கொஞ்சம் தாங்கும் என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஜூன் 20

காலையிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இன்று விசாரணை. பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும் என்பதால் வெள்ளனவே குளிப்பாட்ட உட்கார்ந்தேன். மேலே டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார். எரிச்சலில் கீழேயே பார்த்து இடது கைக்கு சோப்புப் போட்டேன். மணிக்கட்டுக்கு மேலே அவளுக்குக் காபிப்பொடி சிந்தியது போல ஒரு மச்சம். பிறந்தபோதே இருந்தது. மதினி குளிப்பாட்டிய நாளில் அதற்கு ஒரு முத்தம் கொடுக்காமல் தண்ணீர் ஊற்றியதில்லை. சோப்புக் கையோடு வத்சலா மேலே காட்டி, "பாப்பா, பாப்பா" என்றாள். நானும் நிமிர்ந்து பார்த்தேன்.

ஃப்ளெக்ஸில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு கையிலும் மச்சம் இருந்தது. ஒரே இடத்தில், ஒரே அளவில்.

"ஏங்க!" என்று கத்தினேன். பிள்ளை கீழே விழுந்துவிட்டதோ என்று இவரும் மதினியும் ஓடி வந்தார்கள். இவர் பல் துலக்கிய பிரஷோடு நின்று மேலே பார்த்தார். வத்சலாவின் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. மறுபடியும் மேலே பார்த்தார்.

"மச்சத்த அழிக்க மறந்துட்டேன்" என்றார். வேறு யாராவது அவர் கடையில் இப்படி வேலை செய்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆணையத்தில் அவர்கள் கொடுத்திருப்பது கறுப்பு வெள்ளை நகல். அதில் மச்சம் தெரியாது. அதனால் ஃப்ளெக்ஸையே அவிழ்த்துச் சுருட்டி பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் லக்கேஜ் போட்டுவிட்டார்.

டாக்டரம்மாவும் வந்திருந்தார். வராந்தாவில் வத்சலாவைப் பார்த்து, "அட, நல்லா வளந்துட்டாளே" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார். மதினி பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

எங்கள் வக்கீல் விஷயத்தைச் சொன்னதும் தலைவரம்மா விரிக்கச் சொன்னார். அந்தச் சின்ன ஹாலில் நாற்காலிகளை ஒதுக்கித் தரையில் விரித்தோம். வெயிலில் வெளுத்து, காக்காய் எச்சத்தோடு, டாக்டரம்மா முகம் எல்லார் காலடியிலும் கிடந்தது. போன வருடம் பிப்ரவரியில் இதற்குத்தான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

தலைவரம்மா இறங்கி வந்து குனிந்து படத்தில் இரண்டு மச்சத்தையும் பார்த்தார். வத்சலாவின் சட்டைக் கையை மடக்கச் சொல்லி இரண்டு கையையும் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ சொல்லவந்து, உட்கார்ந்துகொண்டார்.

"பாப்பா, ரெண்டு கையையும் மேல தூக்கு பாப்போம்" என்றார் தலைவரம்மா.

வத்சலா அவரைப் பார்த்தாள். தரையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பிசியோதெரபியில் பழக்கியது அது. அப்படியே இழுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படத்தில் இருக்கிற மாதிரியே எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். கை நடுங்கியது. இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"போதும்டா தங்கம், எறக்கு" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டரம்மா தன் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 12

தீர்ப்பு வந்தது. இழுத்ததில் அலட்சியம் இருந்தது நிரூபணமாகவில்லையாம். மூன்றாவது மாதத்தில் கையைப் பார்த்தும் உரிய சிகிச்சைக்கு அனுப்பாதது சேவைக் குறைபாடாம். இழப்பீடு பிள்ளை பெயரில் வங்கியில் போடச் சொல்லியிருக்கிறார்கள். 'ஜெயிச்சுட்டோம்மா' என்றார் வக்கீல். அடுத்த வாக்கியத்திலேயே, அவர்கள் சென்னைக்கு மேல்முறையீடு போகப் போவதாகவும் சொன்னார். சேவைக் குறைபாடு. மிக்சிக்கும் இதே வார்த்தைதான் எழுதுவார்கள். நாங்கள் ஜெயித்த கேஸில் ஒரு கை தொங்கியது தொங்கியபடியே இருக்கிறது, டாக்டரம்மா ஆஸ்பத்திரி வாசலில் இன்று காலையும் நிறைமாதக்காரிகள் வரிசையில் நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மதினி ஒன்றே ஒன்று கேட்டார். "என்னையப் பத்தி என்ன போட்டிருக்கு?"

தேடி எடுத்துப் படித்தேன். 'உறவுக்காரப் பெண் குளிப்பாட்டியதால் பாதிப்பு ஏற்பட்டது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்தக் குற்றச்சாட்டு நிராகரிக்கப்படுகிறது.'

"இன்னொருக்காப் படி."

படித்தேன்.

"அதுல கவருமெண்டு சீல் இருக்கா?"

இருக்கிறது என்று காட்டினேன். மதினி சீலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனார். வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.

"ஏ வச்சலா, துண்ட எடுத்துட்டு ஓடியா. அத்தை குளிப்பாட்டி விடுறேன்."

சாயங்காலம் நாலு மணி. குளிக்கிற நேரமே இல்லை. நான் சோப்பை எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.